ஒரே வண்டி, வேறு வேறு கணக்கு: அமெரிக்க மாநிலங்களில் ஆர்.வி. பதிவும் காப்பீடும்

தங்கி வாழும் வசதியுள்ள பயண வண்டிகளை அமெரிக்காவில் ஆர்.வி. என்கிறார்கள்; அவற்றில் தானே ஓடும் வகை மோட்டார் ஹோம். ஒன்றரை லட்சம் டாலர் விலையுள்ள புதிய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கிப் பதிவு செய்யும்போது தெற்கு டகோட்டா மாநிலம் 4 சதவீத வாகன வரியாக 6,000 டாலர் கேட்கிறது. ஃபுளோரிடாவில் 6 சதவீத விற்பனை வரி 9,000 டாலராகிறது, டெக்சாஸில் 6.25 சதவீதம் 9,375 டாலராகவும், ஜார்ஜியாவில் 7 சதவீதம் 10,500 டாலராகவும் உயர்கிறது. கலிஃபோர்னியாவில் மாநிலத்தின் அடிப்படை வரியான 7.25 சதவீதத்தை மட்டும் கணக்கிட்டாலே 10,875 டாலர் ஆகிவிடும். பல மாவட்டங்களில் உள்ளூர் வரியும் அதன்மேல் ஏறும். மொன்டானாவிலோ விற்பனை வரியே கிடையாது. இந்த ஒரு வரிசையைப் பார்த்துவிட்டு எந்த மாநிலம் மலிவு என்று முடிவுகட்டுவோர் பலர். இந்த வரி ஒரே ஒரு முறை கட்டப்படுவது. பதிவுக் கட்டணமும் காப்பீட்டு பிரீமியமும் ஆண்டுதோறும் கட்டப்படுபவை. ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது முதல் நாள் மலிவாகத் தெரிந்த மாநிலம் வேறிடத்துக்கு நகர்ந்துவிடுவதுண்டு.

கணக்குக்குள் போகுமுன், யாருக்கு இந்தத் தேர்வு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வண்டி எடுக்கும் குடும்பத்துக்குத் தேர்வென்று எதுவும் இல்லை. அவர்கள் வாழும் மாநிலத்தில்தான் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும். அண்டை மாநிலத்தில் கட்டணம் குறைவு என்பது அவர்களுக்கு வெறும் தகவல். வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் வண்டியிலேயே வாழும் முழுநேரப் பயணிகள்தான் சட்டப்படியான வசிப்பிடம் எது என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் நிலையில் இருக்கிறார்கள். சட்டம் இதை டொமிசைல் என்கிறது: ஒருவர் எங்கே சுற்றினாலும் தம் ஊர் இதுதான் என்று கருதித் திரும்பிவரும் எண்ணம் கொண்டிருக்கும் இடம். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வருமான வரி, மருத்துவக் காப்பீடு, வாகனப் பதிவு ஆகிய எல்லாமே அந்த ஒரு முகவரியோடு கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் உருவி வேறு மாநிலத்தில் வைப்பது எளிதல்ல.

மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கான விடை அமெரிக்க ஆட்சியமைப்பிலேயே இருக்கிறது. வாகனப் பதிவு முழுக்க முழுக்க மாநிலங்களின் அதிகாரம். காப்பீட்டைப் பொறுத்தவரை, 1945இல் நிறைவேறிய மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே ஒரே நிறுவனம் ஐம்பது மாநிலங்களிலும் விற்பனை செய்தாலும், ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகக் கட்டண விகிதத்தைத் தாக்கல் செய்து, அந்தந்த மாநில விதிகளுக்குள் அடங்கி நடக்க வேண்டியிருக்கிறது. வருமான வரி வாங்காத மாநிலம் வேறு வழியில் பணம் திரட்ட வேண்டும். சாலைச் செலவை எரிபொருள் வரியில் தேடும் மாநிலமும் உண்டு, வண்டியின் மதிப்பில் தேடும் மாநிலமும் உண்டு.

மதிப்பை வைத்து ஆண்டுதோறும் வரி வாங்கும் மாநிலங்களில்தான் ஆர்.வி. உரிமையாளர்கள் அதிகம் திகைக்கிறார்கள். அரிசோனாவை எடுத்துக்கொள்வோம். அங்கே தயாரிப்பாளர் நிர்ணயித்த விலையில் 60 சதவீதத்தை முதலாண்டின் வரிமதிப்பாகக் கொண்டு, ஒவ்வொரு நூறு டாலருக்கும் 2.80 டாலர் வாங்குகிறார்கள். பிறகு ஆண்டுக்கு 16.25 சதவீதம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வந்து, நூறு டாலருக்கு 2.89 டாலர் என்ற விகிதத்தில் வாங்குகிறார்கள். நம் ஒன்றரை லட்சம் டாலர் வண்டிக்கு முதலாண்டில் 2,520 டாலர், இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 2,180 டாலர் என்று இறங்கி, ஐந்து ஆண்டுகளில் மொத்தம் சுமார் 9,300 டாலர் ஆகிறது. வாங்கியபோது கட்டிய விற்பனை வரி போக, தனியாகக் கட்டுவது இது. கலிஃபோர்னியாவில் வாகன உரிமக் கட்டணம் மதிப்பில் 0.65 சதவீதம், முதலாண்டில் 975 டாலர். அதனுடன் 2018 முதல் சாலை மேம்பாட்டுக்கான தனிக் கட்டணம் ஒன்றும் வண்டியின் மதிப்பை வைத்து வசூலிக்கப்படுகிறது.

ஜார்ஜியா இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது. 2013 மார்ச் முதல் அங்கே மோட்டார் வாகனங்களுக்கு விற்பனை வரியையும் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியையும் நீக்கிவிட்டு, உரிமைப் பத்திரம் மாறும்போது ஒரே தடவையில் ஒரு வரியை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு ஆண்டுப் பதிவு 20 டாலர்தான். வேறு மாநிலத்திலிருந்து வண்டியோடு குடிவருவோருக்கு அந்த வரி 3 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே முதல் நாள் 10,500 டாலர் என்று பயமுறுத்தும் ஜார்ஜியா, வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு அரிசோனாவைவிட மலிவு. இரண்டே ஆண்டில் விற்கப் போகிறவருக்கு அவ்வளவு நல்ல பேரம் அல்ல. இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் இந்த ஒருமுறை வரிக்குள் வருவதில்லை. அவற்றுக்கு ஆண்டு வரி தொடர்கிறது. எனவே ஆர்.வி. என்ற ஒரே பெயருக்குள் மோட்டார் ஹோமையும் டிராவல் டிரெய்லரையும், பிக்கப் டிரக்கின் பின்தளத்தில் பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீலையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பது பிழையான முடிவுக்கே கொண்டுபோகும்.

வருமான வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. பதிவுக் கட்டணத்தில் வண்டியின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் விதிக்கப்படும் பகுதியை மட்டும், விரிவான கழிவுகளைக் காட்டித் தாக்கல் செய்வோர், மத்திய வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எடையை வைத்து வாங்கும் கட்டணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

முழுநேரப் பயணிகளின் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் மூன்று மாநிலங்கள் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா. மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. மூன்றிலும் அஞ்சலை வாங்கி அனுப்பும் சேவைகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் நகரம் 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையிடம், வாழ்நாளில் அந்த ஊரில் சில நாள் மட்டுமே தங்கியவர்களின் ஓட்டுநர் உரிமத்தில்கூட அந்த ஊர் முகவரி இருக்கும். தெற்கு டகோட்டாவில் ஒரு ஹோட்டலிலோ முகாமிலோ ஓர் இரவு தங்கிய ரசீதும், முகவரிச் சான்றும், உறுதிமொழிப் படிவமும் இருந்தால் ஐந்தாண்டு உரிமம் கிடைக்கிறது. வாகனச் சோதனை கிடையாது. பதிவுக் கட்டணம் எடையையும் வயதையும் பொறுத்தது. பல கவுண்டிகள் (மாவட்டங்கள்) சக்கரத்துக்கு இவ்வளவு என்று சில டாலர் சக்கர வரியும் சேர்க்கின்றன. ஆனால் 2023இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம், வாக்காளராகப் பதிய அந்த மாநிலத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று அவர்கள் விதித்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு ஓர் இரவும் வாக்குச்சீட்டுக்கு முப்பது நாளும் என்ற இந்த வேறுபாட்டைப் பலர் தாமதமாகவே அறிந்துகொள்கிறார்கள்.

டெக்சாஸ் வரியில் உயர்வாகத் தெரிந்தாலும், ஏற்கெனவே வேறு மாநிலத்தில் தம் பெயரில் பதிவு செய்த வண்டியோடு குடிவருவோரிடம் 6.25 சதவீதத்தைக் கேட்பதில்லை. புதுக் குடியேறிகளுக்கான 90 டாலர் வரியோடு விட்டுவிடுகிறது. ஆகையால் எங்கே வாங்குவது, எப்போது குடிமாறுவது என்ற வரிசை முக்கியமாகிறது. தனியார் வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையும் 2025 ஜனவரி 1 முதல் அங்கே நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு ஈடாக 7.50 டாலர் கட்டணம் மட்டும் பதிவோடு சேர்த்து வாங்கப்படுகிறது, பெருநகரங்களைச் சுற்றிய சில கவுண்டிகளில் புகைச் சோதனை தொடர்கிறது. முன்பெல்லாம் ஆண்டுக்கொருமுறை சோதனைக்காகவே நெடுந்தூரம் ஓட்டிவந்த பயணிகளுக்கு இது உண்மையான நிம்மதி. இன்னொரு பக்கம், 26,000 பவுண்டு எடையைத் தாண்டும் மோட்டார் ஹோமை ஓட்ட அங்கே தனி வகுப்பு உரிமமும் அதற்கான தேர்வும் வேண்டும். தெற்கு டகோட்டாவும் ஃபுளோரிடாவும் அதைக் கேட்பதில்லை. ஃபுளோரிடாவில் முதன்முறையாக மோட்டார் ஹோமைப் பதிவோர் 225 டாலர் தொடக்கக் கட்டணம் செலுத்த வேண்டும். கவுண்டியின் கூடுதல் விற்பனை வரி வண்டி விலையின் முதல் 5,000 டாலருக்கு மட்டுமே விதிக்கப்படுவதால், அது பெரிய சுமையல்ல.

மொன்டானாவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும்; ஏனெனில் அதைச் சுற்றித்தான் அதிகமான அரைகுறைத் தகவல்கள் உலவுகின்றன. விற்பனை வரி இல்லாத மாநிலங்கள் ஐந்து: மொன்டானா, ஒரிகன், நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர், அலாஸ்கா. அவற்றில் மொன்டானா மட்டும் இந்த வகையில் பெயர் பெற்றதற்குக் காரணம், அங்கே வசிக்காதவரும் எல்.எல்.சி. என்னும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனமொன்றை எளிதில் தொடங்கி, அதன் பெயரில் வண்டியை வாங்கிப் பதியலாம் என்பதே. மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய நிறுவனப் பதிவுக் கட்டணம் சொற்பம்; இடைத்தரகு செய்யும் அலுவலகங்கள் வாங்கும் கூலிதான் பெரிய செலவு. டிரெய்லருக்கு நிரந்தரப் பதிவு ஒரே முறையில் கிடைக்கிறது. பதினொரு வயது கடந்த மோட்டார் ஹோமுக்கும் நிரந்தரப் பதிவு பெறலாம். கோடீசுவரர்கள் இந்த வழியைப் பயன்படுத்துவதைக் கண்ட மாநிலமே, மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள புதிய மோட்டார் ஹோம்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கூடுதல் கட்டணத்தைப் பின்னர் விதித்தது.

இது சட்டவிரோதமா என்றால், மொன்டானாவின் கண்ணில் இல்லை. கேள்வி, உரிமையாளர் உண்மையில் வாழும் மாநிலத்தின் கண்ணில் என்ன என்பதுதான். 2014இல் லூசியானா உச்ச நீதிமன்றம், மொன்டானா நிறுவனத்தின் பெயரில் வாங்கப்பட்ட ஆர்.வி. ஒன்றுக்கான வரியை அதன் பின்னால் இருந்த தனிநபரிடம் கேட்ட மாநில வருவாய்த் துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிறுவனம் சட்டத்தின் பார்வையில் தனி நபர், அதன் திரையைக் கிழித்து உரிமையாளரைப் பிடிக்கப் போதிய காரணம் இல்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி இந்த வழியை விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது லூசியானாவை மட்டுமே கட்டுப்படுத்தும். கலிஃபோர்னியா, வெளியே வாங்கி முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் கொண்டுவரப்பட்ட வண்டி தம் மாநிலத்தில் பயன்படுத்தவே வாங்கப்பட்டது என்று ஊகித்து, விற்பனை வரிக்கு ஈடான பயன்பாட்டு வரியைக் கேட்கிறது; அங்கே வசித்துக்கொண்டு வெளிமாநில நம்பர் பிளேட்டோடு ஓட்டுபவர்களைப் பற்றி அண்டைவீட்டார் தகவல் கொடுக்க நெடுஞ்சாலைக் காவல்துறையே வசதி செய்து வைத்திருக்கிறது. வரியோடு அபராதமும் வட்டியும் சேரும்போது மிச்சப்படுத்தியது கரைந்துவிடும். நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கப் பல வங்கிகள் தயங்குவதால், தவணையில் வாங்குவோருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுத்தான் கிடக்கிறது.

என் பார்வையில் மொன்டானா வழியின் மிகப்பெரிய ஆபத்து வரித்துறையைவிடக் காப்பீட்டில்தான் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது, வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறது, யார் ஓட்டுகிறார், அதில் குடியிருக்கிறாரா என்று கேட்கிறது. வண்டியின் சட்டப்படியான உரிமையாளர் மொன்டானா நிறுவனம், காப்பீடோ தனிநபரின் பெயரில், நிறுத்துமிடம் என்று சொன்னது ஒன்று, உண்மையில் நிற்பது வேறொன்று என்று மூன்றும் முரண்பட்டால், பெரிய விபத்தின் பின் இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. சில ஆயிரம் டாலர் வரியைத் தவிர்த்தவர், ஒன்றரை லட்சம் டாலர் வண்டியையும் அதற்கு மேலான பொறுப்புச் சுமையையும் பாதுகாப்பின்றி நிறுத்தியவராகிறார். விண்ணப்பத்தில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லி, மொன்டானா நிறுவனத்தின் பெயரையே காப்பீடு பெறுபவராகப் போட்டு எடுக்க முடியும். அதைச் செய்யும் காப்பீட்டு நிறுவனங்கள் குறைவு, பிரீமியமும் கூடுதல்.

காப்பீட்டின் அடிப்படையே வண்டியின் வகையைப் பொறுத்துப் பிரிகிறது. மோட்டார் ஹோம் தானே ஓடும் வாகனம் என்பதால், ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அதற்குத் தனியாகப் பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு நேரும் காயத்தையும் சேதத்தையும் ஈடுசெய்யும் காப்பீடு, கட்டாயம். வாகனக் காப்பீட்டைப் பொதுவாகக் கட்டாயமாக்காத நியூ ஹாம்ப்ஷயர் விதிவிலக்கு. வர்ஜீனியாவில் 500 டாலர் கட்டிவிட்டுக் காப்பீடின்றி ஓட்டும் வழி 2024 ஜூலை 1 வரை இருந்தது, இப்போது இல்லை. இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கோ பெரும்பாலும் இழுக்கும் வண்டியின் பொறுப்புக் காப்பீடே சாலையில் இருக்கும்வரை துணை நிற்கும். ஆனால் டிரெய்லருக்கே நேரும் சேதத்தை, அதாவது மரம் விழுந்தோ தீப்பிடித்தோ திருடுபோயோ ஏற்படும் இழப்பை, அது ஈடுசெய்யாது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும், கடன் கொடுத்தவரும் அதைக் கேட்பார். டிரெய்லரின் காப்பீடு மலிவு என்று சொல்லப்படுவதன் உட்பொருள் இதுதான்: பொறுப்பின் பெரும்பங்கு இழுக்கும் பிக்கப் டிரக்கின் பிரீமியத்துக்குள் இருக்கிறது.

குறைந்தபட்சக் கட்டாய அளவை வைத்து மாநிலங்களை ஒப்பிடுவது வீண். தெற்கு டகோட்டா ஒருவருக்கான காயத்துக்கு 25,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 50,000, சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர் என்று கேட்கிறது. காப்பீடில்லாத வண்டி மோதினால் காக்கும் பிரிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. டெக்சாஸில் அந்த எண்கள் 30,000, 60,000, 25,000. நெடுங்காலம் 15,000, 30,000, 5,000 என்று மிகத் தாழ்வாக வைத்திருந்த கலிஃபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் 30,000, 60,000, 15,000 ஆக உயர்த்தியது. பன்னிரண்டு டன் எடையுள்ள வண்டி நெடுஞ்சாலையில் ஒரு குடும்பத்தின் கார் மீது மோதினால் இவற்றில் எதுவும் மருத்துவமனையின் முதல் சில நாள் செலவுக்குக்கூடக் காணாது. ஆகவே விலை கேட்பவர் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே உயர்ந்த அளவைச் சொல்லிக் கேட்டால் மட்டுமே ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

ஃபுளோரிடா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே கட்டாயம் என்பது 10,000 டாலர் சொந்தக் காயப் பாதுகாப்பும் 10,000 டாலர் சொத்துச் சேதப் பொறுப்பும் மட்டுமே. பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு சாதாரண ஓட்டுநருக்குக் கட்டாயமில்லை. இவ்வளவு தாழ்ந்த அளவு இருந்தும் பிரீமியம் நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்றாக இருக்கிறது. தவறு யாருடையது என்று பாராமல் தத்தம் காப்பீடே முதலில் பணம் தரும் முறை, அதைச் சுற்றிப் பெருகிய வழக்குகள், காப்பீடின்றி ஓட்டுவோரின் எண்ணிக்கை, புயல்கள் ஆகிய எல்லாம் சேர்ந்த விளைவு இது. 2022 செப்டம்பரில் தென்மேற்குக் கரையைத் தாக்கிய இயான் புயலில் வீடுகள் மட்டுமல்ல, முகாம்களில் நின்றிருந்த ஆர்.வி.களும் நாசமாயின. ஆகையால் ஃபுளோரிடா முகவரியை எடுப்பவர், வரியிலும் பதிவிலும் டெக்சாஸைவிடக் கொஞ்சம் மிச்சம் பிடித்து, காப்பீட்டில் ஆண்டுதோறும் அதைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வரலாம்.

தெற்கு டகோட்டாவின் சாதகமும் இங்கேதான் தெளிவாகிறது. மக்கள் அடர்த்தி குறைவு, நெரிசல் குறைவு, வழக்குகள் குறைவு. ஆனால் ஆலங்கட்டி மழை அங்கே லேசானதல்ல: அமெரிக்காவில் பதிவானவற்றிலேயே மிகப்பெரிய, எட்டு அங்குல விட்டமுள்ள ஆலங்கட்டி 2010 ஜூலை 23 அன்று அந்த மாநிலத்தின் விவியன் என்ற சிற்றூரில்தான் விழுந்தது. கூரை முழுக்கக் கண்ணாடி இழையும் சூரியத் தகடுகளுமாக இருக்கும் ஆர்.வி.க்கு ஆலங்கட்டி பெரும் எதிரி. அந்த ஆபத்து, மோதல் அல்லாத சேதங்களுக்கான விரிவான காப்பீட்டின் விலையில் ஏறும். குளிர்காலம் முழுவதும் அரிசோனா பாலைவனத்தில் நிற்கப்போகும் வண்டியின் விலை தெற்கு டகோட்டாவின் அஞ்சல் குறியீட்டை வைத்து நிர்ணயிக்கப்படுவது சில நிறுவனங்களுக்குச் சம்மதம், சிலவற்றுக்கு இல்லை. எங்கே அதிக மாதம் நிற்கும் என்று கேட்டால் அந்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டுநரைப் பற்றிய விதிகளும் மாநிலத்தோடு மாறுகின்றன. கலிஃபோர்னியாவில் 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 103ஆம் முன்மொழிவுப்படி ஓட்டுநரின் விபத்து வரலாறும், ஆண்டுக்கு ஓட்டும் தூரமும், ஓட்டிய அனுபவமும்தான் வாகனக் காப்பீட்டு விலையில் முதலிடம் பெற வேண்டும். ஒருவர் கடனைக் கையாளும் விதத்தை அளக்கும் கடன் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது. முழுநேரப் பயணிகள் விரும்பும் மூன்று மாநிலங்களிலும் கடன் மதிப்பெண் விலையில் பங்கு பெறுகிறது. வீட்டை விற்று, கடனையெல்லாம் அடைத்து, கணக்குகளை மூடிவிட்டுக் கிளம்பியவரின் மதிப்பெண் சில சமயம் இறங்கியும் போகலாம். அது பிரீமியத்தில் தெரியும். மிச்சிகனில் வாழ்நாள் முழுவதற்குமான வரம்பற்ற மருத்துவப் பாதுகாப்பு 2020 ஜூலை வரை கட்டாயமாக இருந்தது. அதற்குப் பிறகே குறைந்த அளவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

முழுநேரம் வண்டியில் வாழ்வோர் எந்த மாநிலத்தில் பதிந்தாலும் காப்பீட்டில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டுக் காப்பீடு இருப்பவருக்கு, விருந்தாளி படியில் வழுக்கி விழுந்தால் அந்தக் காப்பீடு துணைக்கு வரும். வீடே இல்லாதவருக்கு அந்தப் பொறுப்பை முழுநேரவாசிகளுக்கான காப்பீடுதான் ஏற்க வேண்டும். விடுமுறைப் பயணத்துக்கான மலிவான காப்பீட்டை எடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் குடியிருப்பது, முன்பு சொன்ன முகவரி முரண்பாட்டுக்குச் சமமான ஆபத்து. அத்துடன், வண்டி முற்றிலும் அழிந்தால் தேய்மானம் போக அன்றைய சந்தை மதிப்பு கிடைக்குமா, ஒப்புக்கொண்ட தொகை கிடைக்குமா, புது வண்டியே கிடைக்குமா என்பதைக் கேட்க வேண்டும். இரு மாநிலங்களின் விலைப் பட்டியலில் தெரியும் வேறுபாடு சில வேளைகளில் காப்பீட்டு ஆவணத்தில் உள்ள இந்த ஒரு வாசகத்தின் வேறுபாடே.

வண்டி ஓடாமல் நிற்கும் மாதங்களிலும் மாநில விதி குறுக்கிடுகிறது. கடுங்குளிர் மாநிலங்களில் பலர் பனிக்காலத்தில் மோதல், பொறுப்புப் பிரிவுகளை நிறுத்திவைத்து, தீ, திருட்டு, புயலுக்கான பிரிவை மட்டும் தொடர்ந்து பிரீமியத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வண்டியை ஓட்டப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துச் சிறு கட்டணத்தோடு பதிவை நிறுத்திவைக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் வண்டி பொதுச் சாலையில் நிற்கக்கூடாது. நியூயார்க்கிலும் ஃபுளோரிடாவிலும் நம்பர் பிளேட்டைத் திருப்பி ஒப்படைத்த பிறகே பொறுப்புக் காப்பீட்டை ரத்து செய்ய வேண்டும். ஃபுளோரிடாவிலிருந்து வேறு மாநிலத்துக்கு வசிப்பிடத்தை மாற்றுவோர், புதிய மாநிலத்தில் காப்பீடும் பிளேட்டும் கைக்கு வந்தபின் பழைய பிளேட்டை அனுப்பி, அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொண்டுதான் பழைய காப்பீட்டை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் ஓட்டுநர் உரிமம் இடைநிறுத்தப்படும், அதை மீட்க 500 டாலர் வரை கட்டவேண்டி வரும்.